எங்கள் பெண்பிள்ளை சத்திரசிகிச்சை நிபுணர் ஆவாளா?

எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் சந்தியில் பதாகை கட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் மாலை போட்டு அழைத்து வருவார்கள். தாயைக் காண்பவர்கள் எல்லோரும், "இனி உனக்கென்ன அக்கா, நீ டொக்டரின்ரை அம்மா" என்பார்கள். கரை சேர்ந்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அங்கே இன்னொரு நீண்ட பயணம் தொடங்குகிறது. அதைப் பற்றி எங்கள் பெண்கள் மத்தியில் யாரும் பேசுவதில்லை.

நான் கனகராயன்குளத்தில் வசிக்கிறேன். 2009இல் கணவரை இழந்தேன். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவள் இப்போது மருத்துவ பீடத்தில் இறுதி ஆண்டில் படிக்கிறாள். அவளுக்குச் சத்திரசிகிச்சை நிபுணராக வரவேண்டும் என்ற ஆசை. "அம்மா, நான் ஒப்பரேஷன் செய்யிற டொக்டராகத்தான் வருவன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு இருக்கிறது என்று அறிய நான் பலரிடம் கேட்டேன். அவளிடம் கேட்டேன். வைத்தியசாலையில் தெரிந்த தாதியரிடம் கேட்டேன். அவளுக்கு முன் படித்து முடித்த பிள்ளைகளிடமும் கேட்டேன். அறிந்தவற்றை என்னைப் போன்ற தாய்மாருக்காக இங்கே எழுதுகிறேன். வன்னியில் உயிரியல் பிரிவில் படிக்கும் பெண்பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

கோட்டா உள்ள வாசல்

பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மருத்துவம் போன்ற துறைகளில் 40 சதவீத இடங்கள் முழு இலங்கைக்கும் பொதுவான திறமை அடிப்படையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குரியது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய எங்கள் ஐந்து மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி என்று பிள்ளைகள் பேசுவது இதைத்தான்.

என் மகள் மாவட்டக் கோட்டாவில் போனவள். "கோட்டாவிலை வந்தவள்" என்று சிலர் இலேசாகச் சொல்லும்போது அவளுக்கு முகம் வாடிவிடும். நான் அவளுக்குச் சொல்வது ஒன்றுதான். 2008இல் வீட்டை விட்டு இறங்கியபோது அவளுக்கு எட்டு வயது. அடுத்த ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், வெயிலில் கொதிக்கும் கூடாரத்துக்குள் இருந்து நாலாம் ஆண்டுப் பாடம் படித்தவள். மீளக் குடியமர்ந்த பிறகும் ஊரில் மின்சாரம் வரும்வரை மண்ணெண்ணெய் விளக்கில் படித்தாள். நல்ல ரியூசன் வகுப்புக்கு வவுனியாவுக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போய் வந்தாள். கோட்டா என்பது தானமாகக் கொடுத்த புள்ளியல்ல, இல்லாமல் போன வகுப்பறைகளுக்கான கணக்கு.

மருத்துவ பீடத்துக்குள் போன பிறகு கோட்டா என்ற பேச்சே இல்லை. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நோயாளி, ஒரே பரீட்சகர். பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் பிள்ளைகள் முதல் ஆண்டில் தடுமாறுவது பெரும்பாலும் ஆங்கிலத்தால்தான், பாடத்தால் அல்ல. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் காலத்தை அநேகமான பிள்ளைகள் வீணே கழிக்கிறார்கள். அந்த மாதங்களில் ஆங்கிலம் படித்தால் அது பத்து வருடத்துக்கு உதவும்.

கோட்டா இல்லாத வாசல்

மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டுகள். இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்ததும் உடனே வேலை கிடைப்பதில்லை. உள்ளகப் பயிற்சி நியமனத்துக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டிவரும். அதன் பிறகு அரச வைத்தியசாலையில் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இதை ஆறு ஆறு மாதமாக இரண்டு பிரிவுகளில் செய்வார்கள். சத்திரசிகிச்சையில் விருப்பம் உள்ள பிள்ளை அதில் ஒன்றாகச் சத்திரசிகிச்சை விடுதியைப் பெற முயல்வது நல்லது. இரவு பகலாக வேலை இருக்கும். ஆனால் தனக்கு அந்த வேலை உண்மையில் பிடிக்கிறதா, உடம்பு தாங்குமா என்பது அங்கேதான் தெரியவரும்.

உள்ளகப் பயிற்சி முடிந்தால் இலங்கை மருத்துவச் சபையில் முழுப் பதிவு கிடைக்கும். அப்போது அவள் முழு மருத்துவர். சம்பளம், மரியாதை, ஊரில் ஒரு இடம் எல்லாம் வந்துவிடும். பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

நிபுணராக வரவேண்டும் என்றால் இங்கிருந்துதான் அடுத்த வாசல். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இருக்கிறது. 1980இல் இன்றைய வடிவில் அமைக்கப்பட்டது. அதற்கு முன் நிபுணராக விரும்பிய எங்கள் மருத்துவர்கள் இங்கிலாந்து போய்ப் பரீட்சை எழுதி வந்தார்கள். இப்போது நாடு முழுவதற்கும் நிபுணர்களைத் தெரிவு செய்வதும் பயிற்றுவிப்பதும் இந்த ஒரே நிறுவகம்தான். உள்ளகப் பயிற்சிக்குப் பின் மேலும் ஒரு வருடம் சேவை செய்தவர்கள் இதன் தெரிவுப் பரீட்சைக்குத் தோற்றலாம். உடற்கூற்றியல் முதல் நோயியல் வரை மருத்துவ பீடத்தில் படித்த அடிப்படைகளை எல்லாம் திரும்பவும் ஆழமாகப் படிக்கவேண்டும். இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை. நாடு முழுவதும் இருந்து வருபவர்களோடு போட்டி. இங்கே மாவட்டக் கோட்டா கிடையாது.

தெரிவானால் அங்கீகரிக்கப்பட்ட வைத்தியசாலைகளில் மூத்த நிபுணர்களின் கீழ் சில வருடப் பயிற்சி. பிறகு எம்.டி. என்ற பெரிய பரீட்சை. அதில் சித்தியடைந்தபின் சிரேஷ்ட பயிலுநராக மேலும் பயிற்சி. அதில் ஒரு பகுதி வெளிநாட்டில் நடக்கும். எல்லாம் முடிந்த பிறகே நிபுணர் என்ற சான்று. பொதுச் சத்திரசிகிச்சை, எலும்பு முறிவு, சிறுவர், சிறுநீரகத் தொகுதி, நரம்பு, இதயம், ஒட்டறுவை என்று பல கிளைகள் உண்டு.

என் மகளின் கணக்கை நானே கொப்பியில் போட்டுப் பார்த்தேன். படிப்பு முடிய 27 வயது. காத்திருப்பும் உள்ளகப் பயிற்சியும் முடிய 28 அல்லது 29. ஒரு வருடச் சேவை முடிய 30. தெரிவுப் பரீட்சையில் முதற்தடவையே சித்தியடைந்தாலும், தடங்கல் எதுவும் வராவிட்டாலும் நிபுணராக வெளியே வரும்போது 36, 37 வயதாகிவிடும். இந்தக் கணக்கைப் பார்த்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மற்ற நாடுகளில்

இந்தப் போட்டி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மருத்துவ மாணவர்கள் இறுதி ஆண்டிலேயே வைத்தியசாலைகளுக்கு விண்ணப்பித்து நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள். பிறகு மாணவர் தாம் விரும்பும் வைத்தியசாலைகளை வரிசைப்படுத்துவார். வைத்தியசாலையும் தான் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்தும். இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்த்து மார்ச் மாதத்தில் நாடு முழுவதற்கும் ஒரேயடியாக முடிவு அறிவிக்கிறார்கள். 1952 முதல் இந்த முறை நடக்கிறது. அங்கேயும் சத்திரசிகிச்சையின் சில கிளைகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளே இடம் கிடைக்காமல் ஒரு வருடம் காத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பட்டமேற்படிப்புக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஆனால் அரச வைத்தியசாலைகளில் வேலை செய்யும் மருத்துவர்களுக்கு மாநிலத்துக்குரிய இடங்களில் பாதியை ஒதுக்குகிறார்கள். இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. கிராமங்களில் போய் வேலை செய்தவரின் உழைப்பைக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு அது. போர் நடந்த மாவட்டங்களில் சேவை செய்யும் மருத்துவர்களுக்கு இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பதற்கு எங்களுக்கு நியாயம் இருக்கிறது.

பெண்ணுக்குக் கத்தி எதற்கு?

மகளின் ஆசையைச் சொன்னபோது உறவினர் ஒருவர், "பொம்பிளைப் பிள்ளைக்குக் கத்தி பிடிக்கிற வேலை ஏன்? தோல் டொக்டர், பிள்ளைகளின்ரை டொக்டர் என்று பகல் வேலையாய்ப் பாக்கச் சொல்லு" என்றார். ஒரு தரகர் இலண்டன் மாப்பிள்ளையின் சாதகத்தோடு வந்தார். பிள்ளைக்கு நல்ல பொருத்தம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். மேற்கொண்டு படிப்பதென்றால் சரிவராதாம்.

இந்தப் பேச்சு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. எங்கள் மண்ணில் மேலைத்தேய மருத்துவக் கல்வி மானிப்பாயில் 1848இல், மருத்துவர் சாமுவேல் கிறீன் காலத்தில் தொடங்கியது. கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கிய 1870ஆம் ஆண்டுக்கும் முந்தியது அது. சத்திரசிகிச்சை நூலை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் தமிழில் தந்தவரும் அவரே. ஆனால் அவரிடம் படித்தவர்கள் ஆண்கள். கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1892இல். இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரியில் முதல் பெண் ஃபெலோவாக (Fellow) எலினர் டேவிஸ்-கொலி சேர்ந்தது 1911இல். கல்விக்கூடங்கள் தாமாக விரும்பிக் கதவைத் திறந்ததில்லை. பெண்கள் நின்று தட்டியபடியால்தான் திறந்தன.

தமிழ்ப் பெண் ஒருவரின் கதையை மகள் எனக்குச் சொன்னாள். 1932இல் சென்னையில் பிறந்த மருத்துவர் டி. எஸ். கனகா, 1963இல் பொதுச் சத்திரசிகிச்சையில் பட்டமேற்படிப்பை முடித்தார். 1962இல் இந்திய சீனப் போர் நடந்தபோது இராணுவத்தில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றினார். 1968இல் நரம்புச் சத்திரசிகிச்சைப் பட்டம் பெற்றார். ஆசியாவின் முதல் பெண் நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் என்று அவரைச் சொல்கிறார்கள். மண்டையைத் திறக்கும் வேலை பெண்ணுக்கு உகந்ததா என்று எண்ணிய காலம் அது. பெண் என்பதால் பலரும் தயங்கினர். அவர் பின்வாங்கவில்லை. 2018இல் காலமாகும் வரை ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார். நூறு தடவைக்கு மேல் இரத்ததானமும் செய்தவர்.

இன்று இலங்கையின் மருத்துவ பீடங்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கத்தியோடு நிற்பவர்களில் பெண்கள் குறைவு. உலகம் முழுவதும் இதே நிலைதான். பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்பது இதற்குக் காரணமல்ல. 28 வயது முதல் 37 வயது வரையான பயிற்சிக் காலமும், கல்யாணம் பிள்ளைப்பேறு என்று குடும்பம் கேட்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆணுக்கு அந்த வயதில் வீடு தோள் கொடுக்கிறது. பெண்ணிடம் வீடு தோள் கேட்கிறது.

எங்களுக்கு ஏன் வேண்டும்?

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரிக்கு மார்பில் கட்டி வந்தது. தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர். சத்திரசிகிச்சை கிளினிக்கில் ஆண் டொக்டர்தான் பார்ப்பார் என்று கேள்விப்பட்டு எட்டு மாதம் யாருக்கும் சொல்லாமல் இருந்தார். பிறகு போனபோது நோய் முற்றியிருந்தது. இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்புப் புற்றுநோய். அதை நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். கட்டி தென்பட்டால் ஆண் டொக்டர், பெண் டொக்டர் என்று பாராமல் போகவேண்டும் என்பதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அங்கே ஒரு பெண் நிபுணர் இருந்திருந்தால் அந்தச் சகோதரி எட்டு மாதம் காத்திருக்கமாட்டார்.

இன்னொன்று, எங்கள் உடம்புகளில் கிடக்கும் செல் துண்டுகள். என் வலது தோளிலும் ஒன்று இருக்கிறது. எல்லாத் துண்டையும் எடுக்கத் தேவையில்லை. ஆழத்தில் அசையாமல் கிடப்பதைத் தேடி வெட்டினால் நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் கூடுதல் பாதிப்பு வரலாம் என்பதால் டொக்டர்மார் விட்டுவிடுவார்கள். சீழ் பிடித்தால், நரம்பை அழுத்தினால், வலி கூடினால் காட்டவேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால் உடம்பில் துண்டு இருப்பதை முதலே கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் சில உலோகங்களை இழுக்கும். இதையெல்லாம் எனக்கு எங்கள் மொழியில் ஆறுதலாக விளக்கியது என் மகள்தான். காலை இழந்தவர்களின் தண்டத்தில் வரும் புண், எரிகாயத் தழும்பு இறுகிக் கை மடங்காமை என்று எத்தனையோ சொல்லாத வேதனைகள் எங்களிடம் உண்டு. அவற்றைக் கேட்டறியக்கூடிய ஒருவர் கத்தியைப் பிடித்தால் நல்லதல்லவா?

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருத்துவர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். தூரத்து வைத்தியசாலைகள்தான் முதலில் வெறிச்சோடும். இங்கே பிறந்து இங்கேயே வேலை செய்ய விரும்பும் பிள்ளை எங்களுக்குக் கிடைத்தற்கரியவள்.

வீடு என்ன செய்யலாம்?

முதலாவது, பணம். பட்டப்பின் பயிற்சிக்குத் தெரிவானால் சம்பளம் நின்றுவிடும் என்று நானும் பயந்திருந்தேன். அரச சேவையில் உள்ள மருத்துவர் பயிற்சிக் காலத்திலும் சம்பளம் பெறுவார். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனால் திரும்பி வந்து நாட்டில் சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுத வேண்டும். செலவு கூடுவது தெரிவுப் பரீட்சைக்கு முன்னர்தான். பரீட்சைக் கட்டணம், புத்தகம், கொழும்பில் அறை வாடகை என்று வரும். அந்த ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே சேமிக்க வேண்டும். உள்ளகப் பயிற்சியில் கிடைக்கும் முதற் சம்பளத்தை வீடு கட்டும் கடனுக்கும் தம்பியின் மோட்டார் சைக்கிளுக்கும் பிரித்துவிட்டால் அவளுக்கு எதுவும் மிஞ்சாது.

இரண்டாவது, நேரம். வேலை முடிந்து வரும் மருத்துவரிடம் ஊரே வந்து மருந்து கேட்கும். கோயில் திருவிழா, கல்யாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் அழைப்பார்கள். "பிள்ளை படிக்கிறாள்" என்று வாசலில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தாய்தான்.

மூன்றாவது, கல்யாணம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக் காலத்தில் கல்யாணம் செய்து பிள்ளை பெற்று நிபுணரானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் குழந்தையை வைத்திருக்க ஒரு தாயோ மாமியோ, இரவு எழும்பிப் பால் கரைக்க ஒரு கணவனோ இருந்தார்கள். சாதகம் பார்க்கும்போதே இதைக் கேட்கவேண்டும். எவ்வளவு நகை, எத்தனை பரப்புக் காணி என்று கேட்கக் கூச்சப்படாத நாங்கள், "பிள்ளை இரவு வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது?" என்று கேட்க ஏன் கூச்சப்படவேண்டும்?

நான்காவது, தோல்வி. முதற்தடவையில் சித்தியடையாதவர்கள் பலர். திரும்ப எழுதிச் சித்தியடைகிறார்கள். "கெட்டிக்காரி என்றாய், இப்ப பெயிலாம்" என்று ஊர் சொல்லும். வீடும் சேர்ந்து சொன்னால் அவள் இரண்டாம் தடவை எழுதமாட்டாள். கடைசிவரை இடம் கிடைக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. சத்திரசிகிச்சை விடுதியில் மருத்துவ அதிகாரியாக வேலை செய்யலாம். மயக்க மருந்து, மகப்பேறு, கண் என்று வேறு துறைகளும் உண்டு. ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து நிபுணர் இல்லாவிட்டால் கத்தியைத் தொடவே முடியாது.

என் மகளுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால் என்னால் எண்ணிக்கையில் சொல்லமுடியாது. பரீட்சை அவளுடையது. எத்தனை இடம் என்பது அரசாங்கமும் நிறுவகமும் தீர்மானிப்பது. முப்பது வயதில் அவளை நிம்மதியாகப் படிக்க விடுவதா, இல்லையா என்பது மட்டும் இந்த வீட்டில் தீர்மானமாகும் விடயம். இலண்டன் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படிப்பை நிறுத்தச் சொல்லாத இடம் வந்தால் பேசுவோம் என்று தரகரிடம் சொன்னேன். தாலிக்கொடிக்கென்று மாதாமாதம் கட்டிவந்த சீட்டை நிறுத்தவில்லை. அது விழும்போது அந்தக் காசு கொழும்பு அறை வாடகைக்கு. தம்பியும் சம்மதித்துவிட்டான். வயல் வேலை செய்பவன். "அக்கா படிக்கட்டும் அம்மா, இந்தப் போகம் நான் பாக்கிறன்" என்றான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அவளைப் பக்கத்தில் இருத்தி, எத்தனை வருடம், எவ்வளவு செலவு, யார் உதவி என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்த பிறகு பயம் கொஞ்சம் குறையும். எனக்குக் குறைந்தது.